பதினைந்து, சாய்கோடு, ஏழு

"14/8, வெள்ளிக்கிழமை. இரண்டாம் கட்டத்தில் குடுவையில் சேர்க்க வேண்டிய கலவை சேர்க்கப்படவில்லை. சேர்த்ததாகப் பதிவேட்டில் நான்கு இடங்களில் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பதிவுகள் உண்மை அல்ல என்றே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது."

இந்த மூன்று வாக்கியங்களும் நான் எழுதியவை. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்தேன். கடைசியில் யாரிடமும் கொடுக்கவில்லை. அந்தக் காகிதம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. செல் வளர்க்கும் கல்ச்சர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆய்வகத்தார் கேட்டபோது, முதலில் கைக்கு வந்தது இதுதான். இதில் ஒரு சொல்கூட பொய் என்று நினைத்து நான் எழுதவில்லை. ஆனால் கடைசி வாக்கியம் ஒரு பெண்ணின் தொழிலை முடித்திருக்கும்.

திருமழிசை தொழிற்பேட்டையில் எங்கள் கூடத்துக்கு ஒரு பக்கம் பம்ப் பாகங்கள் கடையும் பட்டறை, மறுபக்கம் அட்டைப்பெட்டி செய்யும் இடம். நடுவில் நாங்கள் செல் வளர்த்தோம். பிரசவத்தில் கிடைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தைத் தாயின் சம்மதத்தோடு வாங்கி, அதிலிருந்து தண்டு செல்களைப் பிரித்து, அவற்றை என்கே செல்களாக வளர்ப்பது வேலை. என்கே என்றால் இயற்கைக் கொல்லி. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாகத் திரிந்த செல்லையும் முன்பழக்கம் இல்லாமலே கண்டுபிடித்துக் கொல்லும் ஒரு வகை வெள்ளையணு.

தண்டு செல் தான் என்னவாக ஆகப்போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு பிறப்பதில்லை. சுற்றியிருக்கும் செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்களை வெளியிடுகின்றன. அவை வந்து ஒட்டிக்கொள்ளத் தண்டு செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. எந்தப் புரதம், எந்த வேளையில், எந்த ஏற்பியில் வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்து அந்தச் செல்லின் போக்கு மாறும். எலும்பு மஜ்ஜைக்குள் இதெல்லாம் தானாக நடக்கும். குடுவையில் நாம் ஊற்றினால்தான் உண்டு.

எங்கள் முறையில் முதல் இரண்டு வாரம் செல் பெருகுவதற்கான புரதங்கள். அவற்றில் ஒன்று இன்டர்லூக்கின் 7. இந்த இரண்டு வாரத்தில் சில செல்களின் மேல் இன்டர்லூக்கின் 15-ஐப் பிடிக்கும் ஏற்பி வர ஆரம்பிக்கும். பதினான்காம் நாளிலிருந்து 15-ஐயும் 7-ஐயும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 15 ஏற்பியில் பிடித்தால்தான் செல் என்கேயாக முதிரும், முதிர்ந்தது உயிரோடும் இருக்கும். ஏழும் பதினைந்தும் ஒரே குடும்பம். இரண்டின் ஏற்பிகளிலும் ஒரு பாகம் பொதுவானதுகூட. இருந்தாலும் 7-ஐ எவ்வளவு ஊற்றினாலும் அது பதினைந்தின் வேலையைச் செய்யாது.

எங்கள் அறையில் இன்டர்லூக்கின் என்று யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. "ஏழு தீர்ந்துபோச்சு", "பதினஞ்சு ஆர்டர் போடுங்க" என்றுதான் பேச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தேதி போடும் பழக்கம் உண்டு. அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் இருந்தார். குவார்ட்டர்ஸில் வளர்ந்த நாளிலிருந்து நோட்டுப் புத்தகம் வைத்து எழுதுகிறேன். ஆய்வகத்தில் ட்யூப், டப்பா, பாட்டில் எல்லாவற்றிலும் தேதி போடுவேன். கைகழுவும் சோப்புக் கரைசலுக்கும் போட்டிருக்கிறேன். ஜெனரேட்டரும் திரவ நைட்ரஜனும் பார்த்துக்கொண்ட தயாளன் எனக்குக் காலண்டர் சார் என்று பெயர் வைத்திருந்தார். ஒருநாள் நான் டீ ஃப்ளாஸ்க்கில் தேதி எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊட்ல கொயந்த பொறந்தப்போ நெத்தியில ஸ்டாம்ப் குத்தித்தான் எட்த்துகினு வந்தியா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

சுகன்யா எங்களிடம் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகும் நேரம். உயிர்தொழில்நுட்பத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கிவிட்டு, அதற்கு வேலை கிடைக்காமல், ஒரு கணினி நிறுவனத்தில் ஐந்து வருடம் காப்பீட்டுப் படிவங்கள் சரிபார்த்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைத்தது என்று வந்தவள். திருவேற்காட்டில் வீடு. ஷேர் வேனில் பூந்தமல்லி, அங்கிருந்து பஸ். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு ப்ரொபேஷன் முடிய வேண்டும்.

அந்தக் குடுவையை முதல் இரண்டு வாரம் நான் பார்த்துக்கொண்டேன். பதினான்காம் நாளான ஆகஸ்ட் 7-ஆம் தேதியிலிருந்து அவளிடம் விட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு ட்யூப் கலவை சேர்க்க வேண்டும்; அதை ஃபீட் என்போம். செய்முறைத் தாளை நானே எழுதிக் கொடுத்தேன். 7, 9, 11, 13 என்று நான்கு முறை அவள் கையெழுத்து பதிவேட்டில் இருந்தது. இதில் 9-ஆம் தேதி ஆடி ஞாயிறு. திருவேற்காட்டுக் கோயில் கூட்டத்தில் வேன் நகரவில்லை என்று எட்டு மணிக்கு வர வேண்டியவள் பதினொன்றுக்கு வந்தாள். அதையும் நான் குறித்து வைத்திருந்தேன், பிரிவுத் தலைவரிடமும் சொல்லியிருந்தேன்.

14-ஆம் தேதி காலை குடுவையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஃப்ளோ இயந்திரத்தில் விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளியாக விழும். என்கேயின் அடையாளம் உள்ள செல்கள் ஓரிடத்தில் கூட ஆரம்பித்திருக்க வேண்டும். முந்தைய இரண்டு முறையும் இதே நாளில் கூடியிருந்தன. இந்த முறை அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது.

பிரிவுத் தலைவர் நகரத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார். எங்களுக்கு அவர் மேடம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், என்னைவிட அதிகம் தெரிந்தவர். ஃபோனில் சொன்னேன்.

"அந்த ஞாயித்துக்கிழமை ஃபீட் மிஸ் பண்ணிட்டாளா சார்?"

"தெரியலை மேடம். பார்க்கிறேன்."

"நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள எழுத்துல வேணும். யாரு, என்னைக்கு, என்ன. குடுவையை ஆட்டோகிளேவுக்கு அனுப்பிடுங்க. நாளைக்கு லீவு. திங்கட்கிழமை அந்த இன்குபேட்டர்ல புது பேட்ச் வைக்கணும்."

குடுவையை உடனே அழிக்காமல் விட்டது என் சாமர்த்தியம் அல்ல. கழிவை நீராவியில் அழிக்கும் ஆட்டோகிளேவில் வேறு சரக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஃப்ரீசரைத் திறந்து கலவை வைத்த டப்பாவை எடுத்தேன். கீழ்த்தட்டில் மூடி போட்டு இருந்தது. ட்யூப் ஒவ்வொன்றிலும் 'மிக்ஸ்' என்று எழுதி, செய்த தேதியும் போட்டிருந்தேன். என் பதிவில் பன்னிரண்டு. எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது. நான்கு ட்யூப் செலவாகியிருந்தால் எட்டுதானே இருக்க வேண்டும்? இன்னொரு முறை எண்ணினேன். பன்னிரண்டு.

ஒருநாள் தவறியிருக்கும் என்று நினைத்துப் போனவனுக்கு, நான்கு நாளும் போடாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? கோபம் வந்தது. நம் தொழிலில் கை தவறலாம், குடுவை உடையலாம், பூஞ்சை பிடிக்கலாம். பதிவேட்டில் பொய் எழுதியவர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் மட்டும் இந்த ஊரில் எந்த ஆய்வகமும் சேர்த்துக்கொள்ளாது. எல்லாம் தெரிந்துதான் அந்த மூன்று வாக்கியங்களை எழுதினேன். நன்றாக எழுதியிருக்கிறோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது. மணி இரண்டரை.

அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆதாரம் கையில் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது? கூப்பிட்டதற்கு ஒரே காரணம், 13-ஆம் தேதிப் பதிவில் நேரம் எழுதாமல் விட்டிருந்தாள். அறிக்கையோடு பதிவேட்டின் நகலை இணைக்க வேண்டும். அதில் ஒரு கட்டம் காலியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"சுகன்யா, நேத்து எத்தனை மணிக்குப் போட்ட?"

"பத்தே கால் சார். எழுத மறந்துட்டேனா? சாரி சார்."

"போட்டியா?"

"என்ன சார்?"

"நிஜமாவே போட்டியான்னு கேக்கறேன்."

அவள் முகம் மாறியது. "போடாம எதுக்கு சார் கையெழுத்துப் போடுவேன்?"

"மிக்ஸ் பன்னெண்டு ட்யூபும் அப்படியே இருக்கு. எண்ணிட்டுத்தான் கேக்கறேன்."

"எந்த மிக்ஸ் சார்?"

நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளே தொடர்ந்தாள். "நான் 15/7 தானே சார் போட்டேன்? ஷீட்ல அப்படித்தானே எழுதியிருக்கீங்க? வாங்க, காட்டறேன்."

ஃப்ரீசரின் இரண்டாவது தட்டிலிருந்து மூடியில்லாத டப்பா ஒன்றை எடுத்தாள். அதிலிருந்து ஒரு ட்யூபை உருவி, மேலே படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்து என் கையில் கொடுத்தாள். 15/7 என்று இருந்தது. என் கையெழுத்து. ஏழுக்கு நடுவில் நான் போடும் சின்னக் கோடு உட்பட.

"இது தேதிம்மா" என்றேன்.

"தேதியா?"

"ஜூலை பதினஞ்சு. உள்ள இருக்கறது வெறும் ஏழு."

"அப்போ ஷீட்ல இருக்கறது?"

"அது பதினஞ்சும் ஏழும்."

ஜூலை 15 அன்று இன்டர்லூக்கின் 7-ஐச் சின்ன ட்யூப்களில் பிரித்து வைத்தது நான்தான். டப்பாவின் மூடியில் 7 என்று பெரிதாக எழுதியிருந்ததால் ட்யூபில் தேதி மட்டும் போதும் என்று விட்டேன். மாதக் கடைசியில் ஃப்ரீசரில் பனி வழித்தபோது ட்யூப்களை வேறு டப்பாவுக்கு மாற்றினேன். மூடி பழைய டப்பாவோடு போய்விட்டது. பிறகு செய்முறைத் தாள் எழுதும்போது, பதினைந்தும் ஏழும் கலந்தது என்பதற்கு, நாங்கள் பேசும் வழக்கப்படி '15/7 - ஒரு ட்யூப்' என்று எழுதினேன். அவள் தாளில் 15/7 என்று படித்தாள், ஃப்ரீசரில் 15/7 என்று தேடினாள், 15/7 கிடைத்தது, போட்டாள். நான்கு முறையும் ஒழுங்காக.

சுகன்யா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தயாளன் கதவிடுக்கில் தலையை நீட்டி, "இன்னா சார், பொண்ண அய வெச்சிகினு கீறே?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.  "ரெண்டு ஊட்டுக்கு ஒரே கதவு நம்பர் குட்த்துட்டு, போஸ்ட்மேன பிராடுன்றியா நைனா?" என்றார்.

எனக்குத் தோன்றிய முதல் உணர்ச்சி வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், நிம்மதிதான். இந்தப் பெண் பொய் சொல்லவில்லை. உறை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மணி மூன்றுகூட ஆகவில்லை.

உட்கார்ந்து புது அறிக்கை எழுதினேன். "லேபிளில் குழப்பம் ஏற்பட்டதால்" என்று ஆரம்பித்தேன். படித்துப் பார்த்தால் நன்றாகவே இருந்தது. குழப்பம் தானாக வந்து ஏற்பட்டதுபோல, யாருமே அதைச் செய்யாததுபோல. அதை அடித்துவிட்டு, "நான் ஒரே குறியை இரண்டு பொருளில் எழுதினேன்" என்று மாற்றினேன். அந்த ஒரு வரியை எழுத, முதல் அறிக்கை முழுவதற்கும் எடுத்த நேரம் ஆனது.

மேடம் நான்கு மணிக்கு வந்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சோப்புக்கு என்ன தேதின்னு கேட்டா சொல்லுவீங்க. இல்லையா சார்?"

அறிக்கையை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"சரி. லேபிள் உங்க தப்பு. உள்ள என்ன இருக்குன்னு கேக்காம நாலு தடவை போட்டது அவ தப்பு. கன்ஃபர்மேஷன் பத்தி இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது. குடுவை போயிடுச்சா?"

"இல்லை மேடம். வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

இங்கேதான் யோசித்துப் பேச வேண்டியிருந்தது. அந்தச் செல்களுக்கு 15 போகவில்லை. ஆனால் ஏழு போயிருக்கிறது, மற்ற சத்துகள் வளர்ப்புக் கரைசலிலேயே இருந்தன. பட்டினியில் சாகவில்லை. கொஞ்சம் வேறு வகைக்குத் திரும்பியிருக்கின்றன, அது திரையிலேயே தெரிந்தது. எல்லாமே திரும்பிவிட்டனவா, அல்லது சில இன்னும் பதினைந்துக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றனவா? அதற்கு ஊகம் தேவையில்லை. 15-ஐப் பிடிக்கும் ஏற்பி செல்லின் மேல் இருக்கிறதா என்று அதே இயந்திரத்தில் பார்த்துவிடலாம். அந்தத் தாயிடம் மறுபடி போய் அதே ரத்தத்தைக் கேட்க முடியாது என்பதையும் சொன்னேன்.

பார்த்தோம். ஒரு பகுதி செல்களில் ஏற்பி இருந்தது. மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புது பேட்ச்சை வேற எங்கயாவது வெச்சுக்கறேன். 28-ஆம் தேதி வரைக்கும் தரேன். அதுக்கு மேல கிடையாது" என்றார். பிறகு சுகன்யாவிடம், "நீதான் பாத்துக்கணும். 28 அன்னைக்கு உன் கன்ஃபர்மேஷன் பேப்பரையும் பேசலாம்" என்றார்.

அன்று மாலை சுகன்யா மிக்ஸ் ட்யூபை எடுத்தாள். மூடியில் எழுதியதை வாய்விட்டுப் படித்தாள். என்னையும் படிக்கச் சொன்னாள். படித்தேன். தயாளன், "நானும் பட்ச்சிடட்டா?" என்றார். அவரும் படித்தார். அதற்குப் பிறகுதான் ஊற்றினாள்.

அடுத்தது 16-ஆம் தேதி, மறுபடியும் ஆடி ஞாயிறு. கூட்டம் சேரும் முன்பே கிளம்பி ஆறரை மணிக்கு வாசலில் நின்றாள். காவலாளி கேட்டைத் திறக்க வரவில்லை என்று எனக்கு ஃபோன் செய்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதும், ஒன்றும் கேட்காமல் உள்ளே வைப்பதுமாக இருந்தாள்.  ஒரு வாரம் தாமதமாக வந்த செய்தியை அந்தச் செல்கள் கேட்குமா என்று நான் படித்த எதிலும் உறுதியாக இல்லை.

28-ஆம் தேதி மூவரும் திரை முன்னால் நின்றோம். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. முதலில் கண்ட இடத்தில் விழுந்தன. பிறகு அந்த இடத்தில் ஒன்று, மூன்று, பத்து என்று விழுந்து, கொஞ்ச நேரத்தில் தெளிவான கூட்டமாக நின்றது. முந்தைய பேட்ச்களைவிடச் சிறியதுதான். ஆனால் என்கே என்பதில் சந்தேகம் இல்லை. புற்று செல்களோடு சேர்த்து வைத்தும் பார்த்தோம். கொன்றன.

"வந்துடுச்சு சார்" என்றாள் சுகன்யா.

மேடம், "காலண்டர் சார், தேதி போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 31-ஆம் தேதி சுகன்யாவுக்கு உறுதிக் கடிதம் வந்தது.

அதிலிருந்து நான் மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். ட்யூபில் இடம் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பதன் பெயரை எழுதுகிறேன். நீங்களும் அப்படிச் செய்வீர்கள், அது சுலபம். சுலபமில்லாதது வேறு. ஒருவரைப் பற்றி எழுத்தில் வைக்கும் முன் அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் கேளுங்கள். நான் கேட்டது ஒரு காலிக் கட்டத்தை நிரப்ப. அந்தக் கட்டத்தில் அவள் நேரம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

இதுவரை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 14-ஆம் தேதி அந்த இடம் வெறிச்சென்று கிடந்தது என்று எழுதினேன். முழுதாகக் காலி இல்லை. விரல்விட்டு எண்ணுகிற அளவில் சில புள்ளிகள் இருந்தன. ரத்தத்திலிருந்து பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்த பழைய என்கே செல்களாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் கரையான்சாவடியில் டீக்கடையில் தயாளனைப் பார்த்தேன். பழைய கதை வந்தது. "அந்த ஆடி ஞாயிறு, கோயில் கூட்டத்துல மாட்டிகினு பொண்ணு போன் பண்ணுச்சு சார். அண்ணா, ஒரு ட்யூப் எட்த்து ஐஸ்ல வையி, வந்துர்றேன்னு. 15/7-ன்னு சொல்லுச்சு. எனக்கு அது ஆப்டல. கீய்த் தட்ல மூடி போட்ட டப்பா ஒண்ணு இருந்துச்சா, அதுலேந்து ஒண்ணு எட்த்து வெச்சேன்" என்றார். கீழ்த்தட்டில் மூடி போட்டு இருந்த டப்பா எது என்று உங்களுக்குத் தெரியும். சுகன்யாவுக்கு ஃபோன் செய்து கேட்டேன். "ஆமா சார், அண்ணன்தான் எடுத்து வெச்சிருந்தாரு. லேட்டாயிடுச்சுன்னு பதறிட்டு இருந்தேன். என்ன எழுதியிருந்துச்சுன்னு பாத்த ஞாபகமே இல்ல" என்றாள்.

அப்படியானால் பன்னிரண்டு எப்படிக் குறையாமல் இருந்தது? கலவை பிரிக்கும் நாளில், ட்யூப்களை நிரப்பும் முன்பே பதிவில் எண்ணிக்கையை எழுதிவிடுவது என் வழக்கம். கொஞ்சம் மிஞ்சினால் இன்னொரு ட்யூபில் ஊற்றி வைப்பதும் உண்டு. அன்று பதிமூன்றாவது ட்யூப் இருந்ததா என்று என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். எழுதவில்லை. அவள் தாமதமாக வந்தாள் என்று நான் குறித்து வைத்த அந்த ஞாயிறுதான், அந்த வாரத்தில் குடுவைக்குச் சரியான ட்யூப் போன ஒரே நாளாக இருக்கலாம்; அந்தச் சில புள்ளிகளும் அதனால் வந்தவையாக இருக்கலாம். இது சரிபார்க்கப்படவில்லை.